மேற்கு விளிம்பைச் சுரண்டிய நாள்

எங்கள் ஊரின் வானம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றப்படும். தரை வார்ப்பிரும்பு, வானம் அலுமினியம். இரண்டும் சந்திக்கும் தொடுவானத்தில், கசிவைத் தடுக்க ஒரு கேஸ்கட் இருக்கிறது. அது காய்ந்து இறுகியதும் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். அன்று பள்ளிக்கும் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் விடுமுறை.

சென்ற முறை மெக்கானிக் சகாயராஜ் அவசரப்பட்டு, உலோகம் தேய்க்கும் கிரைண்டரை ஓட்டியதில் மேற்கு விளிம்பில் ஒரு கீறல் விழுந்தது. நூல் பருமன்தான். ஆயினும் அதன் வழியே எங்கள் மாலைப்பொழுது முழுவதும் பக்கத்து ஊரான தாத்தன்குளத்துக்குக் கசிந்துவிட்டது. அன்றுமுதல் எங்களுக்கு நான்கரை மணி வெயிலை அடுத்து இருட்டு. தாத்தன்குளத்தில் நாள்தோறும் இரண்டு மாலைகள். பேருந்து நிறுத்தத்தில் பஜ்ஜிக்கடை வைத்திருந்த மரகதவல்லி, மாலை இல்லாத காரணத்தால் காலையில் இட்லி விற்கலானாள். அந்த இட்லியைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இம்முறை மேற்கு விளிம்பின் மேற்பார்வை பள்ளி ஆசிரியையான என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. காலை எட்டு மணிக்குப் போல்ட்டுகளைத் தளர்த்தி, வானத்தை ஜாக்கி வைத்து ஆளுயரத்துக்குத் தூக்கினோம். ஊரே ஆரவாரித்தது. துகள் விழாதிருக்கக் கிணறுகளின் வாயைப் பழைய சேலைகளால் அடைத்தோம். மூன்று மணிக்கு மழை வரவிருந்தது. ஈரம் பட்ட விளிம்பில் கேஸ்கட் அமராது. நண்பகலாகியும் பாதிகூட முடியவில்லை. சகாயராஜ் கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டிக்கொண்டு வந்தார்.

"டீச்சரம்மா, நகருங்க. அஞ்சே நிமிஷம், பளபளன்னு ஆக்கிடறேன்."

மரகதவல்லி குறுக்கே நின்றாள். "போன தடவையும் பளபளன்னுதான் ஆக்குனே. எஞ் சாயங்காலத்துல உக்காந்து தாத்தன்குளத்துக்காரன் ரெண்டாவது டீ குடிக்கிறான்."

"மழை வந்துட்டா என்னக்கா பண்ணுவே?"

"நனைவேன். அதை மட்டும் வானத்துல வச்சே, அதாலேயே உன் மீசையைத் தேச்சிருவேன்."

நான் கிரைண்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு, சகாயராஜின் கையில் ஒரு துணியைக் கொடுத்தேன்.

மரகதவல்லி, கல்யாண வீடுகளில் அல்வா கிண்டும் மரத் துடுப்பைக் கொண்டுவந்திருந்தாள். கரைப்பானில் ஊறிய கேஸ்கட்டைவிடக் கடினம், அலுமினியத்தைவிட மென்மை: சரியான கருவி. கரைப்பானைத் தடவி, பத்து நிமிடம் எவரும் தொடக்கூடாது என்று கட்டளையிட்டேன். கிழக்கே மேகம் கறுத்தது. எவரும் தொடவில்லை. பிறகு அவள் துடுப்பைப் படுக்கைவாட்டில் வைத்துத் தள்ளினாள். பழைய கேஸ்கட் முழ நீளத்துக்கு உரிந்து வந்தது! இன்னொரு முழம். இன்னொன்று. மரங்களில் ஏறி நின்றவர்கள் எல்லாம் முழங்களை எண்ணிக் கூவினார்கள். சகாயராஜ் துணியுடன் அவள் பின்னாலேயே ஓடினார்.

கடைசி முழத்தின் அடியில் பழைய கீறல் தென்பட்டது. தட்டைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, நானே சீராகத் தேய்த்தேன். நகத்தை ஓட்டிப் பார்த்தேன், தடுக்கியது. மீண்டும் தேய்த்தேன். நகம் வழுக்கிச் சென்றது.

"மூடுங்கள்" என்றேன்.

புதிய கேஸ்கட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி மூன்று சுற்றாக போல்ட்டுகளை முறுக்கினோம். கடைசி போல்ட் இறுகியபோது முதல் துளி விழுந்தது.

மழை விட்டு, ஐந்து மணிக்கு மாலை வந்தது. சிந்தாமல் சிதறாமல் முழுதாக வந்து எங்கள் தெருக்களில் நின்றது. மரகதவல்லி அதற்குள் எண்ணெயைக் காயவைத்திருந்தாள்.

அந்த மாலையில் உட்கார்ந்திருந்த தாத்தன்குளத்துக்காரர்கள் நாற்பது பேரும் நாற்காலிகளோடும் டீக் கிளாஸ்களோடும் அதனுடனேயே வந்திருந்தார்கள்.

"வாழைக்காயா, வெங்காயமா?" என்று மரகதவல்லி கேட்டாள்.

அவர்களுள் ஒரு சிறுமி, தான் அந்த மாலையிலேயே பிறந்தவள் என்றும், ஐந்து மணிக்கு முன்பும் ஆறரை மணிக்கு மேலும் தன்னால் இருக்க இயலாது என்றும் தெரிவித்தாள். அவளை ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டோம். வகுப்பு இப்போது ஐந்து மணிக்குத் தொடங்குகிறது.