குப்பை கிடைக்காத கடற்கரை

மாந்தர் எறிந்த மாசையெல்லாம் மாண்புறு கலையாக மாற்றி இம்மண்ணுலகை உய்விக்கும் பெருவேள்வி, வடகடல் வெண்ணுரை சூடிப் புரள, வாடைக்காற்று மணற்குன்றுகளின் புல்லை ஒரே பக்கமாகச் சீவிவிடும் யூட்லாந்துத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், மீன் பதனிட்ட பழைய கொட்டிலொன்றில் நடந்துவந்தது. வேள்விக்கு ஒரே குறைதான்: குப்பை இல்லை.

அக்கொட்டிலின் தலைவி தாக்மார், அலை ஒதுக்கிய நெகிழியைக் கழுவி, நறுக்கி, உருக்கி, சூடு தணியுமுன் கையால் வளைத்துக் கிண்ணமாக்கும் கைவினைஞர். இக்கரைப் பொருளன்றி ஒரு துணுக்கும் சேரேன் என்று சூளுரைத்து அதைக் கதவிலும் எழுதி மாட்டியவர். அச்சூளுரையில் மயங்கிய தலைநகர்க் காட்சிக்கூடத்தார், ஞாயிறன்று தாமே வந்து கரையில் பொறுக்குவதாகவும், பொறுக்கியது கண்முன்னே கிண்ணமானால் தங்கள் மண்டபத்தில் இடந்தருவதாகவும் எழுதியிருந்தனர். தலை நரைக்கும்வரை தாக்மார் காத்திருந்த இடம் அது.

ஆனால் சனிதோறும் நம்மூர்த் துப்புரவுக் கழகத்தார், குளத்தை மொய்க்கும் கொக்குகளைப் போல நீண்ட இடுக்கிகளோடு கரையில் இறங்கி, மூடியும் கயிற்றிழையும் மிஞ்சாமல் கொத்தியெடுத்து, அன்றே எரியுலைக்கு அனுப்பிவிடுவர். ஆகவே தாக்மார் கழகக் கூட்டத்திற்கே சென்று முறையிட்டார்.

"இந்த ஒரு சனிக்கிழமை விட்டுடுங்களேன், ஹோல்கர்!"

கழகத் தலைவர் ஹோல்கர், இலவங்கப்பட்டை மணக்கும் ரொட்டியை நிதானமாக விழுங்கினார்.

"கடற்கரைய அழுக்கா வையின்னு மனுப் போட்ட மொத ஆளு நீதாம்மா. அதுக்கு நம்ம விதியில எடமில்ல."

"ஒரு வாளி, ஒரு டப்பா கெடந்தாக்கூடப் போதும். வர்றவங்க முன்னாடி வெறும் மணலையா உருக்கிக் காட்டுவேன்?"

"மணல உருக்கினா கண்ணாடி வரும். அதையுந்தான் செஞ்சு பாரேன்!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பின்பு, நம்மூரில் எதற்கும் நடப்பதுபோல், முறைப்படி வாக்கெடுப்பு நடந்தது, தூய்மை வென்றது. தாக்மார் குளம்பிக் கோப்பையைத் தொடாமலே எழுந்து, கதவு அதிரச் சாத்திவிட்டுப் போனார்.

ஞாயிறு வந்தது, கறுப்பாடையும் தடித்த கண்ணாடியும் அணிந்த காட்சிக்கூட நடுவர் லீஸ்பெத்தும் வந்தார். துடைத்த தட்டுப்போலக் கிடந்த மணலில், தூக்குமேடைக்கு நடப்பவர்போல தாக்மார் முன்னே நடந்தார். குன்றைச் சுற்றித் திரும்பியதும் அவர் கால்கள் நின்றுவிட்டன. நீலமணி சிதறியதுபோல் அங்கே வாளிகள் கிடந்தன. ஊர்ச்சார்பில் உடன்வந்த ஹோல்கர், தாக்மாரைப் பார்த்து மெல்லக் கண்சிமிட்டினார்.

லீஸ்பெத் ஒரு வாளியை இரு கைகளாலும் ஏந்தினார்.

"எத்தன கடலத் தாண்டி வந்துச்சோ, பாவம்! இந்த நீலத்துல ஒரு துயரம் தெரியுது, இல்ல?"

"நல்லாவே தெரியுதுங்க," என்றார் ஹோல்கர்.

அத்துயரத்தை அடியாழம்வரை கண்டுவிடும் வேட்கையோடு, ஆழ்கடலில் முத்துத் தேடுபவர்போல் மூச்சையடக்கி, லீஸ்பெத் வாளியைக் கவிழ்த்தார்.

அடியில் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. நம் கழகத்தார் பாதி விலைக்கு வாங்கியிருந்தார்கள்.