இரண்டு பெடல் வண்டி

சர்க்கரை மிக்தாலியாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது மார்ச் மாதம். ஏப்ரலிலேயே அவளுடைய தம்பி எலாதியோ வண்டிச் சாவியைக் கேட்க ஆரம்பித்துவிட்டான். புண் ஆறும்வரைகூட மனிதனுக்குப் பொறுமை இல்லை.

வண்டி ஐம்பத்து நான்காம் வருடத்து அமெரிக்கக் கார், பொன்டியாக். அப்பா இரண்டு பிள்ளைகள் பேருக்கும் பொதுவாக விட்டுப்போனது. பொது என்பதெல்லாம் காகிதத்தில்தான். இருபத்திரண்டு வருடமாகக் கியூபாவின் சந்தியாகோவிலிருந்து பொனியாத்தோ கணவாய் ஏறி, சான் லூயிஸ் வரைக்கும் ஆட்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போய் வந்தவள் மிக்தாலியா. எலாதியோ வேறு யாருக்கோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பொன்டியாக்கை ஒரு நாள் கழுவியதுகூடக் கிடையாது.

"கிளட்சை எதால மிதிப்பக்கா? மூக்காலயா?" என்று டாக்சி நிற்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டான். "சாவியைக் குடு. நான் ஓட்டுறேன். நீ வீட்ல உக்காந்து காபி குடி."

"கிளட்சே இல்லாம ஓட்டுறேன்டா."

அங்கிருந்த டிரைவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த ஊரில் அது சிரிப்பதற்கான விஷயம்தான். அமெரிக்காவிலிருந்து வந்தபோது பாதி வண்டிகள் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்காகத்தான் வந்தன. பழுதானபோது பாகம் கிடைக்கவில்லை. அப்பன்களும் மாமன்களும் சேர்ந்து அதைக் கழற்றி வீசிவிட்டு, ரஷ்ய லாரியின் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் பூட்டினார்கள். அன்றிலிருந்து யாருக்கும் மூன்று பெடல்தான். ஆட்டோமேட்டிக் என்றால் சுற்றுலாக்காரன் வாடகைக்கு எடுக்கிற கார்.

டாக்சி வரிசையைப் பார்த்துக்கொள்ளும் சாகோ மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, வழக்கம் உனக்கே தெரியும். இன்ஜின் மாத்தின வண்டி, நம்ம டிரைவருங்களை வண்டி நிறைய ஏத்திக்கிட்டுக் கணவாய் ஏறிக் காட்டணும். அப்பத்தான் வரிசைல இடம். ஜூலை மாசக் கார்னிவலுக்கு முந்தின சனிக்கிழமை ஏத்திக் காட்டு. ஏறலன்னா சாவி தம்பிக்கு. சரியா?"

"சரி" என்றாள். எலாதியோ அதைவிட வேகமாகச் சரி என்றான்.

பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு கொரிய வேனிலிருந்து டீசல் இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸும் கிடைத்தன. அதற்காகத் தன் ஃப்ரிட்ஜையும் கல்யாணச் சங்கிலியையும் கொடுத்தாள். மெக்கானிக் எவேலியோவின் தகரக் கொட்டகையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்து, மூன்று வாரம் அவனை நிம்மதியாக மூச்சு விட விடவில்லை. தண்டவாள இரும்பில் இன்ஜினுக்குத் தாங்கி செய்தான். புதுக் கியர் பெட்டி உட்காரத் தரைத் தகட்டை வெட்டித் தூக்கினான். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டைக் குறுக்கினான். கியர் எண்ணெயைக் குளிர்விக்கப் பழைய ஏசியின் சுருள் குழாய். ஆக்சிலேட்டரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் கம்பி, சைக்கிள் பிரேக் கம்பி. கிளட்ச் பெடலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்து அடைக்கிற மாதிரி பிரேக் பெடலை அகலமாக வெல்டிங் செய்து வைத்தான். அமெரிக்காக்காரனும் அப்படித்தான் வைத்திருந்தானாம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் வினை வந்தது.

"ஜாக்கில தூக்கி வச்சு, கம்பியைக் கையால இழுத்துப் பாத்தா கியர் வெண்ணெய் மாதிரி மாறுதுக்கா" என்றான் எவேலியோ, நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே. "தரைல இறக்கி ஓட்டினா, ரெண்டாவது கியர் விழுற நேரத்துல கப்புனு புடிச்சு நிக்குது. பெட்டிக்குள்ளதான் ஏதோ சிக்குது."

கழற்றினான், மாட்டினான். மறுபடியும் நெற்றியில் இடி. மறுபடியும் கழற்றினான். மூன்றாவது முறை கையைத் துடைத்துக்கொண்டு, "லாரி பெட்டியையே திரும்பப் பூட்டிடலாம். தம்பி ஓட்டிட்டுப் போகட்டும். உனக்கு ஏன் இந்தப் பாடு?" என்றான்.

"நான் ஓட்டிப் பாக்குறேன்."

"கோளாறு தீராம உன்னை உக்கார வச்சு, ஏதாச்சும் ஆச்சுன்னா? உன் தம்பி என்னை உயிரோட கொளுத்துவான்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை, கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. டாக்டர் சொன்னார், தம்பி சொன்னான், இப்போது எவேலியோவும் சொல்கிறான். எல்லோரும் அவளை ஒரு நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைக்கத் துடிக்கிறார்கள். "மாட்டு" என்றாள். "கோளாறோடயே சனிக்கிழமை கொண்டு வா. உலகம் பாக்கட்டும்."

சனிக்கிழமை எவேலியோ ஓட்டிவந்த பொன்டியாக் மூன்று இடத்தில் தும்மி நின்று, ஒருவழியாக டாக்சி வரிசைக்கு வந்து சேர்ந்தது. எலாதியோ சலவை செய்த சட்டையோடு காத்திருந்தான்.

"பாதி வண்டி என்னுது. முதல்ல நான் ஓட்டுவேன்."

மிக்தாலியா பக்கத்துச் சீட்டில் ஏறி, ஊன்றுகோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பின்னால் சாகோ, எவேலியோ, இன்னும் நான்கு டிரைவர்கள், ஒருவர் மடியில் ஒருவராக.

வண்டி அழகாகத்தான் கிளம்பியது. இன்ஜின் சத்தம் ஏறியது. ஏறி, அடுத்த கியர் விழவேண்டிய இடத்தில் கப்பென்று நின்றது. சாகோவின் மூக்கு முன்சீட்டில் மோதியது. எலாதியோ மறுபடி கிளப்பினான், மறுபடி கப்.

"சொன்னேன்ல?" என்று எலாதியோ குஷியாகிவிட்டான். "பெட்டி குப்பைக்கா!"

மூன்றாவது முறை மிக்தாலியா சாலையைப் பார்க்கவில்லை. கால் போனதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம், யாரைப் பார்த்தாலும் கண் முதலில் அவர்கள் காலுக்குத்தான் போகும். அதை அவளுக்கே பிடிக்காது. இப்போதும் கண் தம்பியின் காலுக்குத்தான் போனது. இன்ஜின் சத்தம் ஏறியதும் அந்த இடது கால் தானாகத் தூக்கிக்கொண்டது. முப்பது வருடம் கிளட்ச் இருந்த இடத்தில், முழு பலத்தோடு ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது எவேலியோ அகலமாக வைத்த பிரேக்.

மிக்தாலியா சிரித்துவிட்டாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"என்னக்கா சிரிப்பு? அதுவா நிக்குது!"

"அதுவா நிக்கலடா. நீதான் நிறுத்துற. பெட்டி நல்லாத்தான் இருக்கு. கோளாறு உன் இடது கால்ல."

பின்னாலிருந்து எவேலியோ தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "ஐயோ! நானும் அதையேதான் மிதிச்சேன்! மூணு தடவ கழட்டினேனே, பாவி!"

விஷயம் தெரிந்தபின் எலாதியோ இன்னும் ஜம்பமாக உட்கார்ந்தான். "அவ்வளவுதானே? இப்பப் பாரு." இடது காலை ஓரமாக மடக்கி வைத்துக்கொண்டு அரை கிலோமீட்டர் ஓட்டினான். ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. சற்றே வேகம் குறைத்தான். மறுபடி வேகம் பிடித்ததும் கியர் மாற்றும் ஞாபகம் காலுக்கு வந்துவிட்டது. கப்.

"எறங்குடா!" என்று சாகோ கத்தினான். மூக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. "அக்கா, நீ வா!"

எலாதியோ பக்கத்துச் சீட்டுக்கு மாற, மிக்தாலியா வண்டியைச் சுற்றி வந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான்கு மாதம் கழித்து. முழங்காலோடு நின்றுபோன இடது காலை இருக்கையோடு சேர்த்துவைத்துக்கொண்டு கிளப்பினாள். சத்தம் ஏறியது. அப்போது இல்லாத அந்தக் கால் எழுந்து கிளட்சை மிதித்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, கட்டைவிரல் உட்பட. ஆனால் பிரேக்குக்கு அது தெரியவில்லை. வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் இரண்டாவதுக்குப் போனது, பிறகு மூன்றாவதுக்கு.

கணவாய் தொடங்கும் முதல் வளைவு வந்தது. பழைய லாரி இன்ஜின் அழுதுகொண்டே ஏறிய இடமெல்லாம் இது முனகாமல் ஏறியது. மேடு செங்குத்தானபோது பெட்டி தானே கியரை இறக்கிக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் அந்த மாயக்கால் மிதித்தது. மிதிக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். எட்டு பேர் கனத்தையும் தூக்கிக்கொண்டு பொன்டியாக் கணவாயின் உச்சியில் போய் நின்றது.

உச்சியில் சான் லூயிஸ் போக ஏழு பேர் மூட்டை முடிச்சோடு நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி மிக்தாலியாவை அடையாளம் கண்டு கையை ஆட்டினாள்.

"வரிசைல இடம் உனக்குத்தான், அக்கா" என்றான் சாகோ, கைக்குட்டைக்குள்ளிருந்து. "சாவியும் உனக்குத்தான்."

எலாதியோ தொண்டையைச் செருமினான். "பழகிட்டா நானும் ஓட்டலாம். வாரத்துல மூணு நாள் எனக்குன்னு…"

"எல்லாரும் எறங்குங்க" என்றாள் மிக்தாலியா. "ஆள் நிக்குது."

"ஊருக்கு எப்படிக்கா திரும்புறது? கீழ வரைக்கும் ஒரே மலையா இருக்கு!"

அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஆளுக்கு ரெண்டு கால் இருக்குல்ல? நடங்க."