பதினான்காம் எண்ணுக்கு ஒரு காரணம்

…மறுபடியும் பதினான்கு, ஆறாவது தடவையாகப் பதினான்கு, சனியன் பிடித்த மென்பொருள், எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கேயேதான் போய் விழுகிறது, காட்டு வரைபடத்தில் மற்ற கூறுகளெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகச் சாதுவாகக் கிடக்க, பதினான்காம் எண் மட்டும் சிவந்து நிற்கிறது, முழு வெட்டு, இந்தக் குளிர்காலத்திலேயே… காட்டுத் திட்டம் போட வந்த சிர்பா மவுஸை விட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். எதிரே உர்ஹோ தன் சமையலறை மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், இந்த அறுபது ஹெக்டேர் காட்டில் பாதி இவருடையது, மீதிப் பாதி குவோபியோ நகரத்தில் இருக்கும் தங்கை மைரேயுடையது, தங்கைக்கு வெட்டினால் போதும், இவருக்குப் பதினான்கை மட்டும் தொடக் கூடாது, ஏன் என்று கேட்டால் வாயில் கொழுக்கட்டை. இரண்டு மணிக்குள் திட்டத்தை அனுப்பியாக வேண்டும், வியாழக்கிழமை வெட்டு இயந்திரம் வருகிறது, மண் உறைந்திருக்கும்போதே வேலை முடிய வேண்டும், பதினான்கு சிவப்பாகவே போனால் வார இறுதியில் அங்கே அடிக்கட்டைகள்தான் மிஞ்சும். மணி இப்போது ஒன்று இருபது.

திரையில் ஐந்து கோடுகள், ஒவ்வொன்றிலும் இழுத்து நகர்த்த ஒரு குமிழ், மரம், காட்டுக்கோழி, ஏரிக்கரை அழகு, காற்றிலிருந்து காடு பிடித்துவைக்கும் கரி, காளானும் பெர்ரியும், எல்லாம் சேர்ந்து நூறு, ஒன்றை ஏற்றினால் இன்னொன்று தானாக இறங்கும், ஏதோ எல்லாருக்கும் நியாயம் செய்கிற மாதிரி. காளானை ஐம்பதுக்கு ஏற்றிப் பார்த்தாள், ஒன்பதாம் கூறு பச்சையாகப் பூரித்துப்போனது, பதினான்கு அப்படியே சிவப்பு. இருக்காதா பின்னே? காலையில் காளான் எங்கே விளையும் என்று கேட்டபோது இந்த மனுஷன் கண்கூடச் சிமிட்டாமல் ஒன்பது என்றார், அவளும் ஒரு வார்த்தை பேசாமல் ஒன்பது என்றே ஏற்றினாள். ஒன்பதில் என்ன இருக்கிறது, முழங்கால் சேறும் கொசுவும், அங்கே காளான் முளைத்தால் அவள் தன் காதை அறுத்துக்கொள்வாள். பொய்யைக் கொடுத்தால் பொய்யைத்தானே அது திருப்பித் தரும், அதைத் திட்டி என்ன பயன். பொய் என்று உனக்கு எப்படித் தெரியும் சிர்பா? எப்படித் தெரியும் என்று அவர் கேட்டால் என்ன சொல்வாய்?

ஒன்பது வருடமாக, ஒவ்வொரு ஆகஸ்டிலும், மழை விட்ட மூன்றாம் நாள், காரை மண்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, பதினான்காம் கூறின் பிர்ச் மரங்களுக்கு அடியில்… பாசிக்குள் மஞ்சள் மஞ்சளாக, கூடை நிறைய, கத்தியால் அறுத்து, சின்னதை விட்டுவிட்டு. திருட்டில்லை, யார் காட்டிலும் யாரும் காளான் பறிக்கலாம், சட்டமே அப்படித்தான். ஆனாலும் வாயைத் திறந்து சொல்வதா? இந்த ஊரில் மூலவியாதியைப் பற்றிக்கூட அஞ்சலகத்தில் நின்று பேசுவார்கள், காளான் இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள், அவளே புருஷன் யர்மோவிடம் ஏரிக்கு அக்கரை என்றுதான் சொல்லிவைத்திருக்கிறாள், இருபத்தாறு வருடம் ஒரே படுக்கை, அந்த ஆள் பாவம் அக்கரைக்குப் போய் வெறுங்கூடையோடு திரும்பியிருக்கிறார், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டில் சூப் ஊற்றினாள்.

உர்ஹோ எழுந்து அவள் கோப்பையில் மறுபடி காபி ஊற்றினார், கேட்காமலே, நாலாவது. பதினான்கைப் பூட்டிவைக்க முடியும், பூட்டினால் மென்பொருள் அதைத் தொடாது, ஆனால் பூட்டும்போது ஒரு கட்டம் திறக்கிறது, காரணம் எழுதவும், எழுதாமல் மேலே போக விடாது. பருந்துக் கூடு என்று எழுதலாமா? சரிபார்க்க ஆள் வருவான், அவள் பெயர் நாறிப்போகும். காளான் என்று எழுதினால் போதும், உண்மை, முடிந்தது கதை, ஆனால் அது வரைபடத்தில் எண்ணோடு அச்சாகும், மைரேக்குப் போகும், மைரேயின் மருமகனுக்குப் போகும், அவன் வாளியோடு வருவான், பின்னாலேயே பாதிக் குவோபியோ. அதற்காக மரத்தை வெட்டக் கொடுப்பதா, மரம் போனால் காளானும் போயிற்றே? என்ன ஜென்மம் இவர், வேரோடு போனாலும் போகட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்று… நீ மட்டும் என்ன ஒழுங்கு? முப்பது வருடம் காட்டுத் திட்டம் போட்டவள், பல பயன், எல்லார் பயன் என்று கூட்டம் கூட்டமாகப் பேசியவள், ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் குமிழை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், வெட்கமாக இல்லை? மணி ஒன்று நாற்பது. போதும்.

"பதினாலுலதான் காளான் இருக்கு உர்ஹோ. எனக்குத் தெரியும்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார், பனியைப் பார்க்கிறாரா, மண்சாலையைப் பார்க்கிறாரா.

"தெரியுமே. உன் காரு அங்க நிக்கிறத எத்தன வருஷமா பாக்குறேன்."

முகம் காதுவரை சுட்டது. இத்தனை வருடமாகவா? கடையில் பார்க்கும்போதெல்லாம் மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவாரே…

"அப்புறம் எதுக்கு ஒன்பதுன்னீங்க? எனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."

"எங்க தெரிஞ்சுது," என்றார் உர்ஹோ. "நீ கண்டுபிடிச்சது பாதி. மீதிய நீ இருக்கும்போது எப்படிச் சொல்றது?"

பாதியா? கூடை நிறைய வந்தது வெறும் பாதியா? கோபம் வர வேண்டும், காலையிலிருந்து மூன்று மணி நேரம் வீண், மரம் போகப்போகிறது, மனுஷன் கிண்டல் செய்கிறார், ஆனால் மனசு அதற்குள் எழுந்து பதினான்காம் கூறுக்குள் நடந்துகொண்டிருக்கிறது, எந்தப் பாதி, ஓடைக்கு மேற்கேயா, அந்தப் பாறைச் சரிவுக்குப் பின்னாலா, சரிவுவரை போய்த் திரும்பிவிட்டாளே முட்டாள்… பூட்டை அழுத்தினாள், கட்டம் திறந்தது, காரணம் எழுதவும், 'கா' என்று அடித்தவள் நிறுத்தினாள். எழுதினால் மருமகன் வருவான், வாளியோடு, நேரே சரிவுக்குப் பின்னால் போவான், அவளுக்கு முன்னால். இது உர்ஹோவின் பயமா, தன்னுடையதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடித்த எழுத்தை அழித்தாள், மணி ஒன்று ஐம்பத்திரண்டு.