மேல்மண்

தர்மராஜ் வயலில் குந்தி, பாத்திக்குள் விரலை விட்டுத் துழாவினார். கிடைத்த விதையை நசுக்கியதும் கூழாகிப் புளித்த நாற்றம் அடித்தது. அடுத்ததும் அப்படியே. மக்காச்சோளம் விதைத்து ஒன்பது நாளாகியும் ஒன்றரை ஏக்கரில் ஒரு முளைகூட இல்லை.

செல்போன் அடித்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் சுகன்யா.

"அப்பா, அம்மா உங்களக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. டாக்டரு எல்லாரையும் வரச் சொல்லிட்டாரு. சீக்கிரம் வாங்கப்பா."

கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தார்.

விவசாயம் மனைவி வேணியின் பாடு. தர்மராஜ் இருபது வருஷமாக சிமெண்ட் லாரி ஓட்டியவர். விதைத்த அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், இரண்டையும் வேணிதான் கட்டினாள். மறுநாள் மஞ்சள் காமாலை முற்றி மயங்கி விழுந்தாள். நினைவு வந்ததும், "இன்னும் ஒரு வாரத்துக்கு மடையத் தொறக்காதீங்க" என்றாள்.

ஆனால் வெயிலில் மேல்மண் வெளுத்து வெடிப்பதைப் பார்த்து அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அவர் செய்ய ஒன்றுமில்லை. மருந்துச் சீட்டோடு ஓடுவார், திரும்பி வந்து வார்டு வாசலில் நிற்பார். வயலில் மோட்டாரைப் போட்டால் தண்ணீராவது ஓடியது. தினமும் கட்டினார். கரிசலில் அது தேங்கி நின்றபோது நிம்மதிகூடப் பட்டார்.

அவர் வார்டுக்குள் நுழைந்தபோது வேணியின் கண்கள் மஞ்சளாகக் கிடந்தன. குரல் தேய்ந்திருந்தது.

"மொளச்சிருச்சாங்க?"

"மொளச்சிருச்சு."

"எத்தன எல?"

சுகன்யா அப்பாவைப் பார்த்தாள்.

"ரெண்டு. எல்லாம் ஒண்ணு போல வந்துருக்கு."

வேணி அவர் கையைப் பிடித்தாள். நகக்கண்ணில் அப்பியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

"தெனமும் கட்டுனீங்களா?"

"காஞ்சு போயிருமோன்னு பயந்துட்டேன், வேணி."

"மேல காஞ்சாத்தாங்க வேரு கீழ எறங்கும்." மூச்சு வாங்கியது. "சரி வுடுங்க. நான் வந்து பாத்துக்கறேன். சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்" என்றார். அதுவும் பொய்.

மூன்று மணிக்கு அவள் மூச்சு நின்றது. சுகன்யா கட்டிலில் முகம் புதைத்துக்கொண்டாள். ட்ரிப்ஸ் ஊசியைக் கழற்ற வந்த நர்ஸின் கையை தர்மராஜ் மறித்தார்.

"பாட்டில்ல இன்னும் பாதி இருக்கும்மா. அதையாவது ஏத்துங்க."

"அய்யா, கைய எடுங்க" என்றாள் நர்ஸ், மெதுவாக.

அமரர் ஊர்தி பாடாலூர் ரோட்டில் திரும்பியது. அம்மாவின் கால்மாட்டில் சுகன்யா உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, மழையோடு விதைத்தவர்களின் மக்காச்சோளம் இடுப்பளவு வளர்ந்து நின்றது. தர்மராஜ் முகத்தை மறுபக்கம் திருப்பினார். அங்கும் மக்காச்சோளம்தான்.