எடுக்கக்கூடாத தொலைபேசி

அன்று காலை முராகி தன் தேநீரை மூன்று கோப்பைகளில் ஊற்றி மூன்று இடங்களில் வைத்து, மூன்றையும் மறந்திருந்தார். ஒன்று புத்தகத் தட்டில், ஒன்று குளியலறையில், ஒன்று பல்கனிச் சுவரில். கழுவுகிறவள் நான்தானே. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் அடுப்பைப் பற்றவைக்காமல் சோற்றுப் பானைக்கு முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன். யாரை யார் ஏசுவது?

அது 1998 செப்டெம்பர். சில நாட்களுக்கு முன்னர் வட கொரியா விட்ட ஏவுகணை ஒன்று ஜப்பானின் தலைக்கு மேலால் பறந்துபோய்க் கடலில் விழுந்திருந்தது. முராகி ஜப்பான் வெளிநாட்டு அமைச்சில் இருந்தவர். அயல்நாடுகளோடு கதைத்துச் சமாளிப்பதே அவருக்கு வேலை. ஓய்வுபெற்றதும் மனைவியின் ஊரான, இத்தாலியிலுள்ள பலெர்மோவுக்கு வந்தார். மனைவி இறந்த பிறகும் மொண்டெல்லோவிலுள்ள அவளுடைய வீட்டிலேயே கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். ஞாயிறு தவிர எல்லா நாளும் நான் நகரத்துக்குள் இருக்கும் ஒரேத்தோவிலிருந்து பஸ் ஏறிவந்து அவருக்குச் சமைத்து, வீட்டைத் துடைத்துவிட்டுப் போவேன். நாங்கள் இத்தாலியனில்தான் கதைப்போம். அவருடையது புத்தகத்தில் படித்த இத்தாலியன். என்னுடையது கபோச் சந்தையில் மீன்காரனோடு சண்டை பிடித்துப் படித்தது.

ஜப்பான் தலைநகர் தோக்கியோவிலிருந்து ஓர் அழைப்பை எதிர்பார்த்து அந்தக் கிழமை முழுவதும் அவரால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. தொலைபேசி அடித்தால் போதும், முதல் அடியிலேயே பாய்ந்து எடுத்துவிடுவார். அது எனக்குச் சரிவராது. ஏனென்றால் அதே தொலைபேசியில் நானும் ஓர் அழைப்புக்குக் காத்திருந்தேன். என் அழைப்பை ஒருவரும் எடுக்கக்கூடாது.

என் மனிசன் மகேந்திரராசாவும் மகள் துஷாந்தியும் இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து வெளிக்கிட்டிருந்தார்கள். கொழும்புக்கு வந்து சேர்ந்தால்தான் இத்தாலிக்கு வருவதற்கான அலுவல்களைத் தொடங்கலாம். ஒரேத்தோவில் ஞானாம்பிகையக்காவோடு நான் இருந்த அறையில் தொலைபேசி கிடையாது. ஆகவே நான் சிஞ்ஞோரே, ஐயா, என்று கூப்பிடும் முராகியின் இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற ஏற்பாடுதான். மறுபக்கம் எடுத்தால்தானே அங்கே தொலைபேசிக் கடைக்காரன் காசு கேட்பான்? ஒருதரம் அடித்து வெட்டினால் வவுனியாவுக்கு வந்தாயிற்று. இரண்டுதரம் அடித்து வெட்டினால் இருவரும் கொழும்பில். இவ்வளவுதான் செய்தி. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த பெருமையில் என் மனிசன் ஒரு கடிதம் முழுவதையும் எழுதி முடித்திருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறியதா என்று எழுத இடம் இருக்கவில்லை.

இதை முராகிக்கு விளங்கப்படுத்தினேன்.

"சிஞ்ஞோரே, ரெண்டு அடிக்கும் பேசாமல் இருங்கோ. மூண்டாவதும் அடிச்சால் அது உங்கடை தோக்கியோ. ஓடிப்போய் எடுங்கோ."

அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். வேறு யாரும் என்றால் சிரித்திருப்பார்கள். இவர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறவர் போலத் தலையைக் குனிந்தார். "நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஏதாவது நடந்தால் என்ன செய்வீர்கள்?"

"நடுவிலை என்ன நடக்கும்? ஒண்டில் வவுனியா, இல்லாட்டிக் கொழும்பு."

முந்தாநாள் ஒரு அடி அடித்து நின்றது. அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எடுக்காமல் இருந்தார். எனக்குச் சந்தோசத்தில் கால் தரையில் பாவவில்லை. அன்று அவருக்கு வாங்கிய மத்தி மீனில் பாதியை ஒரு காரணமும் இல்லாமல் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போக இவ்வளவு நேரமா? இராணுவம் தருகிற பயணப் பாஸ் கிடைக்கவில்லையா? முகாமில் போட்டுவிட்டார்களா? கடற்கரையில் கோடையின் கடைசி வெயிலில் காய வந்த சனம் சத்தம்போட்டுச் சிரிப்பது கேட்கும்போதெல்லாம் எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினேன். புழுங்கியது. திரும்பத் திறந்தேன்.

அவருடைய தோக்கியோ அன்று மத்தியானத்துக்குள் அழைக்க வேண்டும். முன்பு அவருக்குக் கீழே வேலை செய்த ஒருவர் இப்போது பெரிய இடத்தில் இருந்தார். அன்றைய கூட்டத்துக்குள் போகுமுன் பழைய மேலதிகாரியின் அபிப்பிராயத்தைக் கேட்பதாகச் சொல்லியிருந்தார். கூட்டம் தொடங்கிவிட்டால் பிறகு கேட்டும் பயனில்லை. அங்கே பலருக்குக் கோபமாம். வட கொரியாவோடு பேச்சு வேண்டாம், உதவி வேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்து என்கிறார்களாம்.

"நீங்கள் என்ன சொல்லப்போறியள்?" என்று கேட்டேன். சும்மா இருந்தால் எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"கோபப்படுங்கள், காவலைக் கூட்டுங்கள், ஆனால் பேச்சை வெட்டாதீர்கள் என்று சொல்வேன்." அவர் பல்கனிக்குப் போய்த் திரும்பி வந்தார். "சண்டைக்குப் போகமாட்டோம் என்று சட்டத்தில் எழுதிவைத்த நாடு எங்களுடையது. எங்களிடம் இருப்பது அமெரிக்காவின் பாதுகாப்புக் குடையும் எங்கள் வாயும். வாயையும் மூடினால் என்ன மிச்சம்? வட கொரியர்கள் முன்னமே சொல்லியிருந்தால் சோதனை என்று எடுத்திருப்போம். சொல்லாமல் ஏவினார்கள். என்ன நினைத்து ஏவினார்கள் என்று கேட்பதற்காவது ஒரு வழி வேண்டும்."

"எங்கடை ஊரிலை தலைக்கு மேலாலை ஒருத்தரும் சொல்லிப்போட்டுக் குண்டு போடுறேல்லை, சிஞ்ஞோரே. நானெண்டால் வெட்டிப்போடுவன்."

"வெட்டிய பிறகு அடுத்தது வரப்போவதை எப்படி அறிவீர்கள்?"

எனக்கு இன்னும் கோபம் வந்தது. வெங்காயத்தைத் தேவைக்கு மேல் வெட்டினேன்.

அப்போது தொலைபேசி அடித்தது.

ஒன்று. அவர் அறைக்கு நடுவில் அப்படியே நின்றார். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

இரண்டு. கொழும்பு. அம்மாளாச்சி, வெட்டு, வெட்டு என்று வாய்க்குள் சொன்னேன்.

மூன்றாவதும் அடித்தது. அப்படியென்றால் என்னுடையது இல்லை. அவர் பாய்ந்துபோய் எடுத்தார். "மொஷி மொஷி" என்று ஜப்பானிய மொழியில் ஹலோ சொன்னார். பிறகு இத்தாலியனில் "ப்றொந்தோ" என்றார். பிறகு தொலைபேசியை என் பக்கம் நீட்டினார்.

"அம்மா" என்றது துஷாந்தியின் குரல்.

பெற்ற பிள்ளையின் குரலை எவ்வளவோ காலத்துக்குப் பிறகு கேட்கிறேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது ஏச்சு. "ஏனடி வெட்டேல்லை? காசு ஓடுதெல்லே. அப்பா எங்கை?"

"நான் கொழும்பிலை அம்மா. நான் மட்டும்தான்."

"அப்பா எங்கையெண்டெல்லே கேட்டனான்."

"வவுனியாவிலை அப்பாவை பஸ்ஸாலை இறக்கிப்போட்டினம். பாஸிலை ஏதோ பிழையாம், விசாரிக்கோணுமாம். என்னைப் போகச் சொன்னவர். தெரிஞ்ச ஒரு மாமியோடை அனுப்பினவர்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "போனவுடனை ரெண்டுதரம் அடிச்சு வெட்டு, அம்மா நிம்மதியா இருப்பா, நான் பின்னாலை வந்திடுவன் எண்டவர். அப்பிடி வெட்டத்தான் வந்தனான் அம்மா. கை வரேல்லை."

கஞ்சன், கஞ்சன் என்று நான் இவ்வளவு காலமும் கரிச்சுக்கொட்டிய மனிசன், இராணுவம் இறக்கிய இடத்தில் நின்றுகொண்டு எனக்கு ஒரு நிம்மதியை அனுப்பப் பார்த்திருக்கிறார். இரண்டு அடி என்றால் இருவரும் வந்தாயிற்று என்றுதான் நான் எடுப்பேன்; அது பொய் என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர்மேல் வந்த கோபமும் பாசமும் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தன.

"கொண்டுபோனதை ஆரும் கண்டவையோ? அடிச்சவங்களோ?"

"இல்லையம்மா. அப்பா கையைக் காட்டினவர். பஸ் வெளிக்கிட்டிட்டுது."

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். முராகியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானமாகப் போகிறது. தோக்கியோ இப்போது அழைத்தால் லைன் பிஸி. கொஞ்சம் பொறுத்து அந்த மனிதர் கூட்டத்துக்குள் போய்விடுவார்.

"பிள்ளை, நம்பரைச் சொல்லிப்போட்டு வை. நான் பிறகு எடுக்கிறன். இஞ்சை சிஞ்ஞோரேக்கு ஒரு கோல் வரவேணும்."

"வைக்காதேங்கோ அம்மா. அப்பாவும் பிறகு வாறன் எண்டுதான் சொன்னவர்."

நான் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு முராகியைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"மகள் மட்டும் வந்திருக்கிறாள், சிஞ்ஞோரே. என்ரை மனிசனைப் பிடிச்சு வைச்சிருக்கினம். நான் வைக்கிறன், உங்களுக்குத் தோக்கியோ வரும்."

அந்தக் கிழமை முழுவதும் ஓரிடத்தில் தரிக்காத மனிதர் சமையலறையிலிருந்து நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து எனக்குப் பின்னால் வைத்தார். என்னை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"வெட்டாதீர்கள்" என்றார்.

தோக்கியோவுக்குச் சொல்லவென்று அவர் நாள்கணக்காக வைத்திருந்த சொல் அதுதான். அங்கே அது போய்ச் சேராது என்று தெரிந்துகொண்டே எனக்குச் சொன்னார். நானும் அது தெரிந்துகொண்டேதான் நாற்காலியில் இருந்தேன்.

"பிள்ளை, நான் இருக்கிறன்" என்றேன். "நீ ஏதும் சாப்பிட்டனியோ?"