ஏற்ற ஏற்ற எழும்பிய வண்டி

பாரம் ஏற ஏற அந்தப் பிக்கப்பின் பின்புறம் உயர்ந்தது. ஒரு டன்னைத் தாண்டியதும் பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி அந்தரத்தில் நின்றன. சிமெண்டு விலை ஏறிய அதே வாரத்தில் இது நடந்ததால் ஊரில் முதலில் சிமெண்டைப் பற்றித்தான் பேசினார்கள். வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பாரம் ஏற்றியிருந்த கூலியாட்களே சாட்சி சொன்னார்கள். கடைசி மூட்டையை வைத்ததும் டயருக்கு அடியில் ஒரு கோழி புகுந்து அந்தப் பக்கம் வந்ததாம். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

வண்டியை ஓட்டியவள் ஒரு பெண். ஊரில் அவளுக்கு வண்டிக்காரி என்றே பெயர். மேடு பள்ளம் ஏறி இறங்குவதற்கென்றே செய்த நடுத்தர அளவு வண்டி அது. குவாரிப் பாதையிலும் சேற்றிலும் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அது வாங்கிய நாளிலிருந்து பாரம் ஏற்றினால் பின்பக்கம் பொத்தென்று அமுங்கிவிடும். முகம் வானத்தைப் பார்க்கும், விளக்கு வெளிச்சம் மரத்தில் தூங்கும் காக்கையின் கண்ணில் விழும், முன்சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காமல் ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி சுற்றும். தெருவில் அதற்கு ‘உட்கார்ந்த நாய்’ என்று பெயர் வைத்தார்கள். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். கூரை ஓடு விற்கும் ஓட்டுக்கடை ஆட்கள் அவள் போகும்போது நாயைக் கூப்பிடுகிற மாதிரி உச்சுக்கொட்டிய அன்றைக்கு மட்டும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நேராகப் பட்டறைக்குப் போய்ச் சாவியை மேசைமேல் எறிந்தாள்.

“இத நிமித்திக் குடுக்குற வரைக்கும் நான் வண்டியத் தொட மாட்டேன்” என்றாள்.

பட்டறை அவள் புருஷனுக்கும் கொழுந்தனுக்கும் பொது. இருவருமே கைதேர்ந்த மெக்கானிக்குகள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஜாக்கி நழுவி ஒரு காரின் கதவு நசுங்கியதற்கு யார் காரணம் என்பதில் ஆரம்பித்த சண்டை அது. காலையில் அண்ணன் வேலை செய்வான், மதியத்துக்கு மேல் தம்பி. தம்பி தன் மனைவி மக்களோடு ஆற்றுக்கு அக்கரையில், செங்கல் சூளைக் குடியிருப்பில் போய்த் தங்கிவிட்டான். அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதே, “கிரீஸ் தீந்துபோச்சுன்னு அவர்ட்ட சொல்லிடுங்க அண்ணி” என்பான். அவளும் தலையெழுத்தே என்று திரும்பி நின்று அதையே மறுபடி சொல்வாள்.

பின்சக்கர அச்சின்மேல் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் எஃகுப் பட்டைகள்தான் வண்டியின் பாரத்தைத் தாங்குபவை. அமுங்கும் வண்டிக்கு ஒரு பட்டை கூட்டினால் போதும். அன்று காலை அண்ணன் கூட்டினான். மதியம் வந்த தம்பி அதைப் பார்த்தான். அண்ணன் போட்டால் தான் சும்மா இருப்பதா என்று இன்னும் கனமான ஒன்றைக் கூட்டினான். மறுநாள் காலை அண்ணன் குனிந்து பார்த்தான். அவனுக்கும் ரோஷம் வந்தது. எத்தனை போதும் என்று ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குள் அடியில் படுத்துப் பார்த்தால் பட்டை அடுக்கு தலையணை கனத்துக்கு வந்துவிட்டது. இதற்குமேல் பட்டைகளைப் பிடிக்கும் போல்ட்டுக்கு நீளம் போதாமல் இருவரும் நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகுதான் மேலே சொன்னது நடந்தது. காலியாகப் போனால் வண்டி உதைத்த உதையில் அவளுக்குக் கடைவாய்ப்பல் ஆடியது. பாரம் ஏற்றினால் தொட்டில். பின்சக்கரம் தரையில் படாததால், நான்கு சக்கர இழுவையைப் போட்டு முன்சக்கரங்களால் மட்டும் இழுத்துக்கொண்டு போகக் கற்றுக்கொண்டாள். கனமான சாமான் அச்சுக்கு நேர் மேலேயோ கேபினை ஒட்டியோ இருந்தால் வண்டி சொன்ன பேச்சு கேட்கும். கடைசிப் பலகைக்குத் தள்ளி வைத்தால் வாலாட்டும். பிரேக்கை முன்கூட்டியே மிதிக்க வேண்டும். எடைமேடையில் பாரத்தோடு ஏறினால் காலி வண்டியைவிடக் குறைவான எடை காட்டியது. மேடைக்காரன் முதலில் இயந்திரத்தைத் தட்டினான், பிறகு உதைத்தான், அப்புறம் அவள் வந்தால் டீ குடிக்கப் போய்விடுவான். மூன்று மழைக்காலம் இப்படியே போனது. ஓட்டுக்கடைக்காரர்கள் வாயே திறக்கவில்லை.

நான்காவது மழையில் ஆறு கரை உடைத்தது. சூளைக் குடியிருப்பைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கொழுந்தன் மனைவியான ஓரகத்தியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் மற்றவர்களோடு சூளை மேட்டில் நிற்கிறார்கள் என்று தகவல் வந்தது. அந்த வேகத்தில் படகு விட ஆளில்லை. பாலத்தின் நடுத்தூண் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. பட்டறைக்கு வந்திருந்த கொழுந்தன் இக்கரையில் மாட்டிக்கொண்டு, பாலத்தடியில் ஈரத்தோடு நின்று பைத்தியம் பிடித்தவன் போலக் கத்திக்கொண்டிருந்தான். பிள்ளையில்லாத வண்டிக்காரிக்கு அந்த இரண்டும்தான் உயிர்.

பாலத்தை மறித்து நின்ற போலீஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “காலி வண்டியே தாங்காதும்மா. சொன்னாக் கேளுங்க.”

“காலியாப் போனாத்தான் தாங்காதுங்க. லோடு ஏத்திட்டுப் போறேன்” என்றாள் அவள்.

கொழுந்தனையும் ஏற்றிக்கொண்டு வண்டி பட்டறைக்குப் பறந்தது. பழைய இன்ஜின்கள், கியர்பாக்ஸ்கள், பட்டடைக்கல், ஒருவர் தொட்டால் மற்றவர் முறைக்கும் சாமான்கள் எல்லாவற்றையும் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனை பிடித்து ஏற்றினார்கள். “அண்ணே, கேபின் பக்கம் தள்ளு” என்றான் தம்பி. “தள்ளிட்டேன்டா” என்றான் அண்ணன். பேசிவிட்டோம் என்பதை இருவரும் கவனிக்கவில்லை. பாலத்துக்குத் திரும்பியபோது பின்சக்கரங்கள் முழங்கால் உயரத்தில் இருந்தன. போலீஸ்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அப்ப என் பைக்கையும் போட்டுக்குங்க” என்றார்.

அண்ணனையும் தம்பியையும் இக்கரையில் இறக்கிவிட்டு அவள் தனியாகப் பாலத்தில் ஏறினாள். பாலம் முனகியது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அக்கரையில் சூளை ஆட்கள் இரும்பையெல்லாம் சேற்றில் தள்ளினார்கள். பைக்கை மட்டும் மரியாதைக்காகச் சூளைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டன. அவர்களையும் ஓரகத்தியையும் கேபினில் திணித்தாள். பெண்களும் சிறுசுகளும் பின்னால் ஏறினார்கள். ஆண்கள் ஒதுங்கி நின்றார்கள்.

“நீங்க மொதல்ல போங்க. எல்லாரும் ஏறினா பாலம் தாங்காது” என்றார் சூளை மேஸ்திரி. மலை மாதிரி ஆள். வாழ்நாள் முழுக்கப் படகிலிருந்தும் வண்டியிலிருந்தும் முதலில் இறக்கிவிடப்பட்டவர்.

“நீங்க ஏறலைன்னாத்தான் தாங்காது! ஏறித் தொலைங்கய்யா!” என்று அவள் கத்தினாள். “மேஸ்திரி, உங்களத்தான் முக்கியமா கேக்குறேன். நடுவுல, அச்சுக்கு நேரா உக்காருங்க.”

மேஸ்திரி தன் காதையே நம்பாமல் ஏறி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் வண்டி ஒரு அடி எகிறியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து மற்றவர்களும் தொற்றி ஏறினார்கள், ஒருவர் மடியில் ஒருவராக. ஏற ஏறப் பின்புறம் ஆளுயரத்துக்குப் போனது. முன்சக்கரங்களும் லேசாகி, விரல் நுனியால் தொடுகிற மாதிரி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு ஆள் கூடினால் பிடிமானம் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. நல்லவேளை, இன்னொரு ஆள் இல்லை.

பாலத்தின் நடுவில் தூண் சரிந்தது. முன்சக்கரங்கள் தாண்டிய பலகைகள் அவற்றுக்குப் பின்னாலேயே ஒவ்வொன்றாக ஆற்றில் விழுந்தன. பின்சக்கரங்களுக்குக் கீழே வெறும் தண்ணீர் ஓடியது. அவள் கியரை மாற்றவில்லை, பிரேக்கைத் தொடவில்லை, கீழே பார்க்கவும் இல்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இக்கரையில் ஏறியபோது பின்னாலிருந்து கிளம்பிய ஆரவாரத்தில் ஆற்றின் சத்தமே அடங்கிப்போனது. கொழுந்தன் ஓடிவந்து கேபின் கதவைப் பிய்த்தெறியாத குறையாகத் திறந்தான். அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒருவர் விடாமல் அத்தனை பேரும் இறங்கினார்கள். இறங்க இறங்க வண்டி தாழ்ந்து, கடைசியில் மேஸ்திரி இறங்கியதும் நான்கு சக்கரமும் தரையில் அமர்ந்தன.

கொழுந்தன் குடும்பம் அதற்கப்புறம் அக்கரைக்குப் போகவில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு; பட்டறையில் அண்ணனும் தம்பியும் எந்தப் பட்டை தூக்கியது, உன்னுடையதா என்னுடையதா என்று காலையிலிருந்து இருட்டும் வரை வாய் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். பாலத்தை எஃகுச் சட்டம் கொடுத்து ஒட்டுப்போட்டு, கனரக வண்டிகளுக்கு அனுமதியில்லை என்று காவலுக்கு ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். சூளைக்கு ஒரு சோலியாக வண்டிக்காரி போனபோது அவன் கையைக் காட்டி நிறுத்தினான். பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

“காலியாவா போறீங்க? பாலம் தாங்காதுக்கா. ஏதாச்சும் ஏத்திட்டு வாங்க.”

சட்டம் சட்டம்தான். அவள் மறுபேச்சு பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், வீட்டிலிருந்த அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தாள்.