மேலிடமும் கைகாட்டியும்

என் மனைவி அலட்டிக்கொள்ளாமல் எட்டு டன் தூக்குவாள். நான் தூக்குவது ஒரே ஒரு விரல். ஆனால் என் விரல் எழாமல் அவளுடைய எட்டு டன் தரையை விட்டு எழாது. இந்த ஊரில் நிமிர்ந்து நிற்கும் பல கட்டடங்கள் எங்கள் இரண்டு பேர் கை பட்டவை. இதைச் சொல்லும்போது என் நெஞ்சும் கொஞ்சம் நிமிர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் டவர் கிரேன் ஓட்டுகிறாள். கட்டடத்துக்கும் மேலே நிற்கும் அந்த மஞ்சள் கிரேனின் உச்சியில், ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் இருப்பாள். கீழே நின்று சைகை காட்டுகிறவன் நான். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு, கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு, இரண்டு கையையும் விரித்தால் அப்படியே நிறுத்து. வேலையிடத்தில் அவளுக்குப் பெயர் 'மேலிடம்'. எனக்குக் 'கைகாட்டி'. மேலிடத்தையே விரலால் ஆட்டி வைக்கிற புருஷன் நான் ஒருத்தன்தான் என்று மேஸ்திரி கிண்டல் செய்வார். வீட்டுக்குள் யார் யாரை ஆட்டி வைப்பது என்பது அவருக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு கம்பிக் கட்டு அந்தரத்தில் இருந்தபோது திடீரென்று காற்று கிளம்பியது. கட்டு ஒரு சுற்றுச் சுற்றி, என் தலைக்கு மேலாகப் போய், சிமெண்ட் கொட்டகையின் கூரையைப் பெயர்த்துவிட்டு நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் நின்றது விதிப்படி நிற்க வேண்டிய இடம். அவள் கட்டைப் பத்திரமாக இறக்கினாள், கிரேனை அணைத்தாள், ஏணி வழியே கீழே வந்தாள். மறுநாள் ஏறவில்லை. ஸ்டோரில் ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மேலிடம் ஸ்டோரில் உட்கார்ந்து ஆணி நிறுப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் பொதுப் பூங்காவில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூடாரம் போட்டுத் தங்க இடம் பதிவு செய்தேன். நல்ல காற்று, குளம், மரம் எல்லாம் பார்த்தால் மனசு மாறுவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்ஜினியர் என் தோளில் தட்டினார். "வீட்டம்மா திங்கக்கிழமை மேல ஏற ஒத்துக்கிட்டாங்கப்பா." எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாக்கியத்தில் அது புரிந்துவிட்டது. "கீழ மட்டும் வேற ஆள் வேணுமாம். உன்னை மிக்சர் பக்கம் போட்டுடறேன்."

எனக்கு வந்த கோபத்தில் மிக்சர் இல்லாமலே கான்கிரீட் கலக்கியிருக்கலாம். ஊரில் எத்தனை பேர் கிரேனுக்குச் சைகை காட்டுகிறார்கள்? அவளுடைய கிரேனுக்கு என்னைப்போல ஒருத்தன் காட்டுவானா? அவள் அதை என்னிடம் சொல்லவும் இல்லை. சனிக்கிழமை காலை பிள்ளைகளை அவர்களுடைய பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

கூடாரம் என் மச்சானுடையது. "சின்னப் பிள்ளகூட அஞ்சு நிமிஷத்துல போட்டுடும் மாமா" என்று சொல்லித்தான் கொடுத்தான். காவலாளி காட்டிய இடத்தில், குளத்தைப் பார்த்த சரிவில், பையை அவிழ்த்தோம். ஒரு பெரிய துணி, கயிறுகள், முளைகள். இன்னொரு சின்னப் பையும் இருந்தது. அதில் உதிரி சாமான் இருக்கும் என்று ஓரமாகப் போட்டேன். அவள் துணியைப் பார்த்தாள், தலைக்கு மேலே நீண்டிருந்த மரக்கிளையைப் பார்த்தாள். துணியின் நடுவில் கயிற்றைக் கட்டிக் கிளைக்கு மேலே வீசி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நான் எதிரே போய் நின்று விரலை நீட்டிச் சுழற்றினேன். கோபம் கோபமாக இருந்தாலும் கைக்குப் பழக்கம் போகுமா? துணி எழுந்தது. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, நிறுத்து. என் கையைப் பார்த்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். ரொட்டி விநியோகம் செய்யும் வேனிலேயே வந்திருந்தார்கள். அந்த அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவங்க, ரெண்டு பேருக்குமே பேச வராது போல" என்று புருஷனிடம் சொன்னார். காதும் கேட்காது என்று முடிவு கட்டியிருப்பார் போல, அவ்வளவு சத்தமாக. அடுப்பில் சூடான தட்டுப் பிடிக்கும் சிவப்புக் கையுறை ஒன்றை மாட்டியிருந்தார். அந்தக் கையாலேயே எங்களைப் பார்த்து, டீ குடிக்கிறீர்களா என்று அபிநயம் பிடித்தார். பேசத் தெரியும் என்று சொல்ல எனக்குக் கூச்சமாகிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

துணியின் நடுப்பகுதி கோணலாகத் தொங்கியது. அதைச் சரிசெய்ய நான் கீழே நுழைந்தேன். கிளையில் கயிறு வழுக்க, மொத்தத் துணியும் பொத்தென்று என் மேல் விழுந்தது. உள்ளே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளியே பூங்காவே அதிர்ந்தது.

"வெளிய வாங்க! வாங்கன்னு சொல்றேன்ல! தொங்குறதுக்குக் கீழ நிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? உங்களுக்கு உசிருன்னா விளையாட்டா?"

தலையை நீட்டினேன். பேக்கரிக்கார அம்மா கையிலிருந்த டீ முழுக்கப் புல்லில் கொட்டியிருந்தது. "அக்காவுக்குப் பேச வருதே" என்றார் வாயைப் பிளந்தபடி. என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. விழுந்தது வெறும் துணி. அவள் பார்த்தது துணியை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பேக்கரிக்காரர் வந்து, நான் ஓரமாகப் போட்ட சின்னப் பையைத் திறந்தார். உள்ளே கூடாரத்தின் குச்சிகள். துணிக்குள் அவற்றை நுழைத்து வளைத்தால் கூடாரம் தானாக நிற்குமாம். "இதக் கிளையில மாட்டித் தூக்குன ஆளுங்கள நான் இப்பதான் பாக்குறேன் அண்ணே" என்றார். நாங்கள் செய்யும் வேலையைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அவள் கிரேன் ஓட்டுகிறாள் என்றதும் அவருடைய மனைவி திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை கூடாரத்தைக் கிளையில் தொங்கவிடலாம்.

இருட்டுவதற்கு முன்னால் குளக்கரையில் போய் உட்கார்ந்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"இன்ஜினியர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்லத் தெரியலையா?"

"சொன்னா கத்துவீங்க."

"கத்தல. ஏன்னுதான் கேக்குறேன். நான் நின்னது சரியான இடம்."

"சரியான இடம்தான். காத்துக்கு அது தெரியுமா?" அவள் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். "தூக்குறதுக்கு முன்னாடியே எனக்கு மனசு சரியில்ல. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னா தேவலைன்னு தோணுச்சு. எப்படிச் சொல்ல? நீங்க கை காட்டுனா நான் கேக்கலாம். நான் சொன்னா நீங்க கேக்க அங்க ஒரு வழியும் இல்ல. மேல உக்காந்து பாத்துட்டே இருந்தேன்."

"எங்க நிக்கணும்னு கீழ நிக்குறவன்தான் முடிவு பண்ணுவான். அதுதான் முறை."

"அந்த முறையோட வேற யாராச்சும் நிக்கட்டும். வேற ஆளு நின்னா எனக்குக் கை நடுங்காது."

என்னைப் பிடிக்காமல் தள்ளவில்லை, பிடித்ததால் தள்ளுகிறாள். அது புரிந்தும் எனக்கு ரோஷம் அடங்கவில்லை. அவளுக்குக் கீழே நிற்பதுதான் என் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற ஒரே உத்தியோகம். அதை எவனோ ஒருத்தனுக்கு விட்டுக்கொடுப்பதா? எழுந்து கூடாரத்துக்கு நடந்தேன்.

இரவில் மழை பெய்திருந்தது. காலையில் எழுந்து வந்தால் பேக்கரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வேன் சரிவில் சறுக்கி, மூக்கு குளத்தைப் பார்த்தபடி சேற்றில் நின்றது. அவர் ஒருமுறை பின்னால் எடுக்கப் பார்த்ததில் இன்னும் ஒரு முழம் குளத்தை நோக்கிப் போனதுதான் மிச்சம். பின்னால் இரண்டு மரங்கள். அவற்றுக்கு நடுவில் வேன் நுழையும் அளவுதான் வழி.

"எனக்குக் கை ஓடல அண்ணே. இதுதான் எங்க பொழப்பு" என்றார் அவர்.

"என் வீட்டுக்காரி எடுப்பா" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அவள் என்னை முறைத்தாள். பிறகு வேனைச் சுற்றி வந்து சக்கரங்களைப் பார்த்தாள். பின் சக்கரங்களுக்கு அடியில் சரளைக் கல்லும் காய்ந்த கிளைகளும் போடச் சொன்னாள். அக்கம்பக்கத்துக் கூடாரக்காரர்கள் ஆளுக்கு ஒரு கை கொடுத்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால் போய், வழியை விட்டு விலகி, வலப்பக்க மரத்தை ஒட்டி, கண்ணாடியில் அவள் பார்வை படும் இடத்தில் நின்றேன். நிற்க வேண்டிய இடம் அதுதான். கையை அசைத்துப் பின்னால் வரச் சொன்னேன்.

வேன் உறுமியது. நகரவில்லை.

ஜன்னல் வழியாக அவளுடைய கை வெளியே வந்தது. ஒதுங்கு என்பதுபோல இரண்டு தடவை வீசியது.

எனக்குப் புரியாத சைகையா அது? ஆனாலும் நான் அசையவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்கள். கை காட்டுகிறவனுக்கே ஒருத்தி கை காட்டுவதா? மறுபடி நான் வா என்றேன். மறுபடி அந்தக் கை வந்தது. இந்தத் தடவை வீசவில்லை. வெறுமனே நீண்டு நின்றது. விரல்கள் நடுங்குவது அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. எவ்வளவு காற்றிலும் நடுங்காத கை அது. அதை நடுங்க வைத்துக்கொண்டிருப்பது நான்.

மரத்தை விட்டு விலகினேன். கை இன்னும் நீண்டே இருந்தது. இன்னும் விலகினேன். போதும் என்று விரல்கள் மடங்கின.

அப்புறம் என் கையைப் பார்த்து அவள் எடுத்தாள் பாருங்கள், சேற்றிலிருந்து அந்த வேனை, பால் பாத்திரத்தை இறக்குவது மாதிரி அலுங்காமல்! இரண்டு மரத்திலும் ஒரு பட்டைகூட உரியவில்லை. நான் முதலில் நின்ற இடத்தில் நின்றிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் வேன் அங்கேயே நின்றிருக்கும். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். "அது என் மனைவி" என்று, ஏற்கெனவே தெரிந்தவர்களிடமும் போய்ச் சொன்னேன்.

கிளம்பும்போது பேக்கரிக்கார அம்மா ஒரு பை நிறைய ரொட்டி நீட்டினார். என் மனைவி அதை வாங்கிக்கொண்டு, "இன்னொன்னு கேக்கலாமா? தப்பா நினைக்காதீங்க" என்றாள். கேட்டது அந்தச் சிவப்புக் கையுறையை. எதற்கு என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் அதைக் கையில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டி, எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்று என்னையே எட்டிப் பார்க்கச் சொன்னாள்.

"எட்டு மாடிக்குக் கீழ இருந்தும் தெரியும்" என்றேன். "இன்ஜினியர்கிட்ட நீயே சொல்லிடு. மிக்சருக்கு வேற ஆள் பாக்கட்டும்."

"சொல்றேன். ஆனா நகரச் சொன்னா நகரணும்."

"நகர்றேன்."

திங்கட்கிழமை முதல் சுமை கம்பிக் கட்டுதான். கொக்கியில் மாட்டியாயிற்று. எல்லோரும் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விரலைத் தூக்காமல் அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் ஜன்னல் திறந்தது. சிவப்பாக ஒரு கை வெளியே வந்து, ஒதுங்கு என்று அசைந்தது.

"என்னப்பா கைகாட்டி, உனக்கே கை காட்றாங்க?" என்றார் மேஸ்திரி.

"மேலிடத்து உத்தரவு" என்று சொல்லிவிட்டு, அந்தக் கை உள்ளே போகும்வரை பின்னால் நடந்தேன். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, விரலை மேலே நீட்டிச் சுழற்றினேன். கம்பிக் கட்டு கொஞ்சமும் ஆடாமல் எழுந்தது.